ஐஸ் கட்டிக்குள் அடங்கிவிடுமா?



முதலாண்டு வேதியியலில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த வரி ஒன்று உண்டு: வெப்பநிலை குறைந்தால் வினையின் வேகமும் குறையும். நானும் அதை எழுதி மார்க் வாங்கியவன்தான். அந்த வரி பொய் இல்லை. ஆனால் தண்ணீர் உறைகிற இடத்தில் அதை அப்படியே நம்பினால் ஏமாந்து போவோம் என்பது என் கருத்து.

என் அப்பா ஐஸ் ஃபேக்டரியில் பார் தூக்குகிறவர். கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாது. சின்ன வயதில் உடைந்த ஐஸை நான் பொறுக்கி வாயில் போடப் போனால், "நடுவுல வெள்ளையா இருக்கறத தின்னாதடா, ஓரத்த எடு. உப்பு, அழுக்கு எல்லாம் நடுவுலதான் போய் நிக்கும்" என்பார். அதன் காரணம் எனக்கு இங்கே வந்த பிறகுதான் புரிந்தது. கேனில் தண்ணீர் ஓரத்திலிருந்து உறைகிறது. உறையும்போது தன் மூலக்கூறுகளை மட்டும் வரிசையாக அடுக்கிக்கொண்டு, கலந்திருக்கும் மற்றதையெல்லாம் வெளியே தள்ளுகிறது. தள்ளப்பட்டது மிச்சமிருக்கும் தண்ணீரில் நெருக்கியடித்துக்கொண்டு சேருகிறது. குச்சி ஐஸை உறிஞ்சினால் சாயமும் இனிப்பும் முதலில் வந்துவிட்டு வெறும் வெள்ளை ஐஸ் மிஞ்சுகிறதே, அதுவும் இதனால்தான்.

துருவப் பனியிலும் இதே கதை. காற்றோடு வெகுதூரம் போய் அங்கே இறங்கும் புகையும் ரசாயனமும் பனித் துகள்களின் மேற்பரப்பிலும் இடுக்குகளிலும் குவிகின்றன. கோடையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. நெருக்கமாக நிற்கும் சரக்கின் மேல் நாள் முழுக்க வெயில் பட்டால் சும்மா இருக்குமா?

கிரீன்லாந்தின் உச்சியில் உள்ள சம்மிட் நிலையத்தில் அளந்து பார்த்தார்கள். 1999-இல் முடிவு வெளியானது. பனியில் படிந்த நைட்ரேட்டை வெளிச்சம் உடைத்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களாக்குகிறது. பனித் துகள்களுக்கு இடையிலிருந்த காற்றில் அவை வெளிக்காற்றைப் போல மூன்று முதல் பத்து மடங்குக்கும் மேல் இருந்தன. பனியில் விழுந்தாச்சு, ஒழிந்தது என்று கணக்கிலிருந்து கழித்துவிட்ட மாசு மறுபடி எழுந்து வருகிறது!

2007-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் நாஃப்தலீனையும் (நம்ம அந்துருண்டைதான்) ஆந்த்ரசீனையும் சோதித்தார்கள். வெளிச்சம் பட்டபோது தண்ணீர்ப் பரப்பைவிட ஐஸ் பரப்பில் அவை வேகமாக உடைந்தன. 'நல்லதுதானே, சீக்கிரம் அழியட்டும்' என்று நண்பன் ஒருவன் சொன்னான். அங்கேதான் சிக்கல். செக் நாட்டில் பிர்னோ நகர ஆய்வாளர்கள் குளோரோபென்சீனை ஐஸுக்குள் வைத்து வெளிச்சம் பாய்ச்சினார்கள். சாதாரணத் தண்ணீரில் என்றால் அது ஃபீனாலாக மாறும். ஐஸிலோ, பக்கத்துப் பக்கத்தில் மாட்டிக்கொண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிசிபி ஆகின. எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் அவசரப்பட வேண்டாம், உங்கள் சர்க்யூட் போர்டு இல்லை இது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருந்த, லேசில் அழியாத விஷம்.

ஆகவே திரவத் தண்ணீரில் எடுத்த கணக்கைப் பனிக்கும் பொருத்தி, குளிருக்காகக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும் என்பது தப்பு. வேகம் மட்டுமல்ல, கடைசியில் கிடைக்கும் பொருளே மாறலாம். நாளைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வேலைக்குப் போகப்போகிற நமக்கு இதை ஒரு பாராவாவது பாடத்தில் வைக்க வேண்டும். வகுப்பில் கேட்டேன். பரீட்சைக்கு வராது என்று பதில் வந்தது.

போன லீவில் இதை அப்பாவிடம் சொன்னேன். "வெயில்ல வச்சா ஐஸ் உருகித்தானடா போகும்?" என்றார். அங்கே வெயில் அடிக்கும்போதே பூஜ்யத்துக்குக் கீழேதான் இருக்கும் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்த நடு ஐஸ்லதான் எல்லாக் கூத்தும் நடக்குதுன்னு சொல்லு" என்றார்.

நம் லேபில் பெர்மாங்கனேட்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, டம்ளரோடு மெதுவாக உறைய வையுங்கள். நிறம் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டு யூனியன் ரூமுக்கு வந்து சொல்லுங்கள்.

– இரண்டாமாண்டு, கெமிக்கல்