கருங்கண்ணிப் பருத்திக்கு நீள இழை ஏன் வரவில்லை? தடுப்பது குரோமோசோம் கணக்கு!

தூத்துக்குடி மாவட்டம் பசுவந்தனை பக்கம் போனால், கரிசல் காட்டில் இப்போது அதிகம் கண்ணில் படுவது மக்காச்சோளம், உளுந்து, பாசி. ஒரு காலத்தில் இதே மானாவாரி நிலத்தில் கொடிகட்டிப் பறந்தது கருங்கண்ணிப் பருத்தி. மழை முன்னபின்ன ஆனாலும் தாக்குப்பிடிக்கும், மருந்துச் செலவும் குறைவு. அப்புறம் ஏன் கைவிட்டார்கள்?

சிக்கல் எங்கே?

இழை நீளத்தில். இன்றைய நூற்பாலைகள் பொதுவாகக் கேட்பது 28 மி.மீ. அல்லது அதற்கு மேல். கருங்கண்ணி இழை அதைவிடக் குட்டை. அதனால் விலையும் குறைவு.

நீள இழைப் பருத்தியோடு ஒட்டுச் சேர்த்தால்?

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் கருங்கண்ணி 'ஆர்போரியம்' என்ற நாட்டுப் பருத்தி இனம். அதற்கு 26 குரோமோசோம்கள். ஆலைகள் விரும்பும் அமெரிக்கப் பருத்தியான 'ஹிர்சூட்டம்' இனத்துக்கு 52. இரண்டையும் சேர்த்தால் பிறக்கும் செடிக்கு 13 + 26 = 39. குரோமோசோம்கள் ஜோடி சேர முடியாததால் அந்தச் செடி மலடாகிவிடும். கால்சிசின் என்ற வேதிப்பொருளால் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி, பல தலைமுறை திரும்பத் திரும்ப ஒட்டுச் சேர்த்தால் வழி உண்டு. அதற்கு ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும்.

கோவில்பட்டியில் என்ன செய்தார்கள்?

1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இரண்டு பாதையில் போனது. ஒன்று, நாட்டுப் பருத்தி இனத்தையே மேம்படுத்துவது. கே 11, கே 12 ரகங்கள் அப்படி வந்தவை. இன்னொன்று, அமெரிக்க இனத்தையே கரிசல் மானாவாரிக்குப் பழக்குவது. தத்துப்பூச்சியைத் தாங்கும் கேசி 2, கேசி 3 இந்த வகை.

நாட்டுப் பருத்தியில் நீள இழை முடியவே முடியாதா?

முடியும். மகாராஷ்டிராவின் பர்பணி வேளாண் பல்கலைக்கழகம் பிஏ 740, பிஏ 812 போன்ற நீள இழை ஆர்போரியம் ரகங்களை உருவாக்கியிருக்கிறது. அதாவது குட்டை இழை இந்த இனத்தின் தலைவிதி இல்லை.

விவசாயிக்கு இதில் என்ன?

விதை! 2002-ல் அனுமதி பெற்ற பிடி பருத்தி இங்கே பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகமாகவே விற்கிறது. அதன் விதையை எடுத்து விதைத்தால் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும். அதனால் வருஷா வருஷம் கடைக்குப் போகணும். கருங்கண்ணி போன்ற நேர் ரகத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பயிர் என்பதால், வேறு பருத்திக் காட்டிலிருந்து தள்ளி விதைத்துக் கலப்பில்லாமல் பார்த்துக்கொண்டால் சொந்த விதையே போதும்.

மழையை மட்டும் நம்பியிருக்கும் புஞ்சையில், பயிர் பொய்த்த வருஷம் விதைக் கடன் இல்லாமல் இருப்பதே பெரிய லாபம். ஆனால் பஞ்சுக்குக் கட்டுபடியாகும் விலை கிடைத்தால்தான் கருங்கண்ணி மறுபடியும் கரிசலுக்குத் திரும்பும். அதற்குத் தேவை, இந்த மண்ணைத் தாங்கும் குணத்தோடு ஆலை கேட்கும் நீளமும் சேர்ந்த ஒரு ரகம்.