டி.சி.யைத் தடுக்காவிட்டால்?



ஆர்.சி. கப்பிள்டு ஆம்ப்ளிஃபயர் நாம் எல்லோரும் செய்த பரிசோதனைதான். செமிலாக் தாளில் வளைகோடு வரைந்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கிவிட்டோம். கப்ளிங் கெப்பாசிட்டர் எதற்கு என்று வைவாவில் கேட்டால், "டி.சி.யைத் தடுக்கும், ஏ.சி.யை விடும் சார்" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். தடுக்காவிட்டால் என்ன ஆகும்? அதை யாரும் கேட்பதில்லை.

எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது, சிவகாசியில் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த தாத்தாவின் வால்வு ரேடியோ. 1963-ல் திருநெல்வேலி வானொலி தொடங்கியபோது தெருவே கூடிக் கேட்ட செட் என்பார் அப்பத்தா. இப்போது குரல் கரகரத்தது. ஈ.எல்.84 வால்வு போச்சுன்னு நானே முடிவு பண்ணி, மதுரையில் தேடி வாங்கி மாட்டினேன். பத்து நிமிஷம் பாடியது. அப்புறம் வால்வுக்குள் தகடு செக்கச்செவேல்; அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் புகை. "வெடி ஆபீசுக்குப் போகாம இருக்கட்டும்னு படிக்க வெச்சா, வீட்டுக்குள்ளேயே புகை போடுறியேடா!" என்றார் அப்பத்தா.

குற்றவாளி வால்வு அல்ல. அதற்கு முன்னால் இருந்த 0.01 மைக்ரோஃபாரட் பேப்பர் கெப்பாசிட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்தைய ஸ்டேஜின் பிளேட்டில் 100 வோல்ட். கெப்பாசிட்டர் 10 மெகாஓம் அளவுக்குக் கசிந்தால்கூட, 470 கிலோஓம் கிரிட் ரெசிஸ்டரில் நாலரை வோல்ட் வந்துவிடும். பூஜ்யமாக இருக்க வேண்டிய இடம் அது! வால்வில் கரண்ட் எகிறும். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். சாதாரண மீட்டரில் ஓம்ஸ் வைத்தால் கெப்பாசிட்டர் நல்லதென்றே காட்டும். கிரிட் பக்கக் காலைக் கழற்றிவிட்டு, செட்டை ஆன் செய்து, அந்தக் காலில் டி.சி. வோல்டேஜ் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 250 வோல்ட் ஓடும் செட், கை ஜாக்கிரதை!

டிரான்சிஸ்டரிலும் இதே கதைதான். முதல் ஸ்டேஜ் கலெக்டரின் 5 வோல்ட், அடுத்த பேஸுக்குக் கசிந்தால் பயாஸ் கெட்டுப்போகும். நாமோ டிரான்சிஸ்டரையே மாற்றிக்கொண்டிருப்போம்.

திரி சரியில்லேன்னா என்ன ஆகும்னு நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற கெப்பாசிட்டரும் அப்படித்தான். எனவே என் வேண்டுகோள்: ஒவ்வொரு பிராக்டிகல் தேர்விலும் ஒரு பழுதான போர்டு வையுங்கள். பழுதைக் கண்டுபிடிப்பவனுக்கு மார்க் கொடுங்கள். வளைகோட்டை நண்பனின் நோட்டைப் பார்த்துப் போட்டுவிடலாம். பழுதை அப்படிக் காப்பியடிக்க முடியாது.