அணைந்ததா, அணைத்தார்களா?

'விளக்கு அணைந்தது', 'விளக்கை அணைத்தான்' ஆகிய இரண்டையும் தமிழ் இலக்கணம் தன்வினை, பிறவினை என்று பிரித்து வைத்திருக்கிறது. முன்னதில் அணைத்தவன் இல்லை, பின்னதில் இருக்கிறான். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பழைய அலைபேசி வலையமைப்பு ஒன்றை மூடும்போது அச்செயலுக்கு வைத்திருக்கும் பெயர் 'சன்செட்'. சூரியன் தானே மறைகிறது. அதன்மேல் யாரும் வழக்குத் தொடுக்க இயலாது. இந்தச் சொல்லின் நிழலில் ஓசையின்றி ஊமையான பொருள்களுள் ஒன்று, காருக்குள்ளேயே பொருத்தி விற்கப்பட்ட தொலைபேசி.

ஜெர்மனியில் கார்த் தொலைபேசிக்கான முதல் நாடுதழுவிய வலையமைப்பு 1958-இல் தொடங்கி 1977-இல் மூடப்பட்டது. அடுத்தது 1994 வரையிலும், அதற்கும் அடுத்தது 2000 வரையிலும் நீடித்தன. அக்காலத்தில் அது மிகச் சிலரின் ஆடம்பரம். மூடியதால் நாடு கலங்கவில்லை. 1990-களுக்குப் பின்தான் நிலைமை மாறியது. ஜெர்மானிய உயர்விலைக் கார்களில் தொலைபேசி முன்பலகையின் ஓர் உறுப்பாகவே ஆயிற்று. ஒலிவாங்கி கூரையில், அலைவாங்கி வெளியே, அழைப்பு வந்தால் பாட்டு தானே அடங்கும். காரோ இருபது ஆண்டுகள் ஓடும். அது நம்பியிருந்த கோபுரங்களின் ஆயுளை வேறொருவர் தீர்மானித்தார்.

இதன் முழு விளைவையும் முதலில் கண்டது அமெரிக்கா. அங்கே பழைய அனலாக் சேவையை நடத்தியே ஆகவேண்டும் என்று நிறுவனங்களுக்கு இருந்த கட்டாயம் 2008 பிப்ரவரி 18-இல் முடிந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் 'ஆன்ஸ்டார்', விபத்து நேர்ந்தால் காரே உதவிக்கு அழைக்கும் சேவை, அனலாக் கருவி மட்டுமே கொண்ட வண்டிகளில் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே நின்றது. அவற்றுள் ஐந்தாறு ஆண்டுகளே ஓடிய வண்டிகளும் இருந்தன. உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். பிறவினை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே நாடகம் 3ஜி-யில் அரங்கேறியது. 2022 பிப்ரவரியில் ஏடி அண்ட் டி, அந்த ஆண்டின் இறுதியில் வெரைசான் என ஒவ்வொன்றாக மூடின. இடையில் ஒரு நுட்பம் உண்டு. 2ஜி, 3ஜி இரண்டிலும் ஒவ்வொரு குரல் அழைப்புக்கும் தனிப்பாதை ஒன்று ஒதுக்கப்படும். 4ஜி-யில் அப்படிப் பாதை கிடையாது. குரலும் இணையத் தரவைப் போலத் துணுக்குகளாகவே செல்கிறது. ஆகவே தரவுக்கு 4ஜி-யும் குரலுக்கு 3ஜி-யும் எனக் கலந்து கட்டப்பட்ட கார்கள்கூட உதவிக்கு அழைக்க முடியாத நிலைக்கு வந்தன. சில வண்டிகளுக்கு மென்பொருள் திருத்தம் போதுமானதாக இருந்தது. சிலவற்றில் பெட்டியையே மாற்ற வேண்டியிருந்தது. பலவற்றுக்கு எதுவுமே தரப்படவில்லை.

ஐரோப்பா செய்ததை இன்னும் கடுமையாகவே மதிப்பிட வேண்டும். அங்கே கட்டளையிட்டது அரசு. 2018 மார்ச் 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக ஒப்புதல் பெறும் கார் வகைகளுக்கு 'ஈ-கால்' கட்டாயம். ஏர்பேக் விரிந்தால் கார் தானாக 112-ஐ அழைக்கும். இருக்கும் இடம், சென்ற திசை முதலியவற்றை 140 பைட் அளவில் ஒலிக்குறிகளாக மாற்றி, அதே குரல் பாதையில் அனுப்பும். உயிர்காக்கும் ஏற்பாடு, ஐயமில்லை. ஆனால் அந்தக் குரல் பாதை 2ஜி, 3ஜி-க்கு உரியது. ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் 4ஜி வணிகச் சேவை தொடங்கியதோ 2009-இல். ஒன்பதாண்டு மூத்த அண்டை வீட்டுக்காரனைப் பாராமல் பழையதைச் சட்டமாக்கினார்கள். ஜெர்மனியில் 3ஜி 2021-இலேயே அணைக்கப்பட்டது. அதற்கும் முந்தைய 2ஜி இன்னும் எரிகிறது. டாய்ச்ச டெலிகாம் அதற்குக் குறித்திருக்கும் ஆண்டு 2028. புதிய வலையமைப்புகளுக்கு ஏற்ற ஈ-கால் இப்போதுதான் சட்டமாகி வருகிறது; அது புதிய கார்களுக்கு. ஏற்கெனவே விற்ற கார்களுக்கு?

நிறுவனங்கள் கைவிட்ட இடத்தில் ஆர்வலர்களும் சிறு பட்டறைகளும் செய்திருப்பவை வியப்பூட்டுபவை. 2000-களின் மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ, ஆடி கார்கள் பலவற்றில் வானொலி, தொலைபேசி, ஒலிபெருக்கி எல்லாம் ஒளியிழை வளையம் ஒன்றில் கோக்கப்பட்டவை. பயனற்றுப்போன தொலைபேசிப் பெட்டியைக் கழற்றினால் வளையம் அறுந்து பாட்டும் நின்றுவிடும். ஆகவே அதன் இடத்தில் வளையத்தை மூடும் சிறு இணைப்பு ஒன்று செருகப்படுகிறது. பழைய கைப்பேசித் தொட்டிலில் அமரும் புளூடூத் துண்டு ஒன்றும் உண்டு. அது காரிடம் பழைய தொலைபேசியின் மொழியில் பேசி, அழைப்பைச் சட்டைப்பையிலுள்ள புதிய கைப்பேசிக்கு மாற்றிவிடும். கார் கடைசி வரை ஏமாற்றத்தை உணராது. ஆஸ்மோகாம் குழுவினரின் திறந்த மென்பொருள் ஒருபடி மேலே போகிறது: மூடப்பட்ட அனலாக் வலையமைப்புகளின் கோபுரத்தையே கணினியில் போலச்செய்து, மேசையளவு எல்லைக்குள் 1980-களின் கார்த் தொலைபேசியை மீண்டும் ஒலிக்க வைக்கிறது. அலைக்கற்றைக்கு உரிமம் வேண்டும் என்பதால் இதைச் சாலைக்குக் கொண்டுவர இயலாது, அருங்காட்சியகத்துக்கு ஏற்றது.

இத்திறமைகள் மீட்பது உரையாடலை மட்டுமே. மயங்கிக் கிடக்கும் ஓட்டுநருக்காகக் கார் தானே அழைப்பதை எந்தப் பட்டறையும் மீட்டுத் தருவதில்லை. அந்தப் பெட்டி, அதன் சிம், மறுமுனையில் உள்ள சேவை மையம் மூன்றும் உற்பத்தியாளரின் பூட்டுக்குள் இருக்கின்றன. ஃபோர்டு அமெரிக்காவில் வேறு வழியில் சென்றது: அதன் 'சிங்க்' அமைப்பு ஓட்டுநரின் சொந்தக் கைப்பேசி வழியாகவே 911-ஐ அழைத்தது. மோதலில் கைப்பேசி சிதறினால் அழைப்பு இல்லை என்பது அதன் குறை. ஆனால் கைப்பேசியை மாற்றும்போதெல்லாம் காரும் புதிய தலைமுறைக்கு வந்துவிடும்.

மூடவே கூடாது என்று யாரும் வாதிட வேண்டியதில்லை. அலைக்கற்றை அளவானது, சில ஆயிரம் பழைய கருவிகளுக்காக ஒரு முழு வலையமைப்புக்கு மின்சாரம் ஊட்டுவது நியாயமாகாது. அறிவிப்பும் பெரும்பாலும் ஆண்டுகள் முன்கூட்டியே வருகிறது. குறை வேறிடத்தில்: மூடும் நாளை அறிந்தவரும், மாற்ற முடியாத பெட்டியைப் பொருத்தி விற்றவரும், விலை கொடுத்தவரும் மூன்று வெவ்வேறு ஆட்கள். முதல் இருவரும் பேசிக்கொள்ளலாம். மூன்றாமவருக்குக் கடிதம் மட்டுமே வருகிறது.

இந்தியா இந்த வரிசையில் நிற்கவில்லை என்று எண்ணுவது பிழை. ஹூண்டாய் வென்யூ, எம்ஜி ஹெக்டர் முதலியவை 2019-இல் உள்ளமைந்த சிம்முடன் வந்தன. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதாவது 2034 வரை. அதைவிட முன்னதாகவே நெருக்கடி வரக்கூடியது பொதுப் போக்குவரத்தில். 2019 ஜனவரி முதல் புதிதாகப் பதிவாகும் பேருந்து, வாடகைக் கார் போன்றவற்றுக்கு ஏஐஎஸ்-140 தரத்தின்படி இருப்பிடங்காட்டியும் அவசரப் பொத்தானும் கட்டாயம். 2ஜி-யில் இயங்கும் கருவிகளும் அவற்றுள் உண்டு. ஏர்டெல் 2019-இல் கொல்கத்தாவில் தொடங்கித் தன் 3ஜி-யை மூடியது. ஜியோ பிறந்ததே 4ஜி-யில். 2ஜி இல்லாத இந்தியா வேண்டும் என்று முகேஷ் அம்பானி 2020-இலேயே வெளிப்படையாகக் கேட்டார். அக்கோரிக்கை ஒருநாள் நிறைவேறும்போது, இரவுப் பேருந்தில் தனியே செல்லும் பெண்ணின் இருக்கையருகே அந்தப் பொத்தான் அதே சிவப்பில் இருக்கும். அழுத்தினால் என்ன நடக்கும் என்பது வெளியிலிருந்து தெரியாது.

செய்ய வேண்டியவை பெரிய கண்டுபிடிப்புகள் அல்ல. தொடர்புப் பெட்டி டயரைப் போலக் கழற்றி மாற்றத்தக்கதாக இருக்கவேண்டும். அதன் இணைப்பு முறை வெளியிடப்படவேண்டும். எந்தத் தலைமுறை வலையமைப்பை நம்பி அது இயங்குகிறது, எவ்வளவு காலத்துக்கு மாற்றுப் பெட்டி கிடைக்கும் என்பவை விற்பனை ரசீதில் எழுதப்படவேண்டும். ஒரு வலையமைப்பை மூட அனுமதி கேட்கும் நிறுவனம், அதில் இன்னும் எத்தனை வண்டிகள் பேசிக்கொண்டிருக்கின்றன என்ற கணக்கை டிராயிடம் முதலில் கொடுக்கவேண்டும். பேருந்துக்குத் தகுதிச்சான்று புதுப்பிக்கப்படும் நாளில், பிரேக்கையும் விளக்கையும் சோதிக்கும் ஆய்வாளர் அந்தச் சிவப்புப் பொத்தானையும் ஒருமுறை அழுத்தி, மறுமுனையிலிருந்து பதில் வந்த பிறகே கையொப்பமிடவேண்டும்.