பழைய பசையும் புதிய ஒட்டும்

கடற்கரைப் பங்குகளின் குடும்பங்களை மனத்திற்கொண்டு இம்மாதம் எழுதுகின்றோம். கண்ணாடி இழைப் படகில் ஒட்டுப்போடுமுன், பழைய சிலிக்கோன் பசையை அகற்றுவது பற்றியதே நம் பேச்சு. உள்நாட்டு வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அடுப்படித் தொட்டியின் ஓரத்திலும் இதே பசைதான் இருக்கின்றது.

நோவா பேழையின் உள்ளும் புறமும் கீல் பூசியதாகத் தொடக்க நூல் கூறுகின்றது. கசிவை அடைப்பது படகளவு பழமையான கவலை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரைகளில் கண்ணாடி இழைப் படகுகள் பெருகின. அவற்றில் போல்ட்டுத் துளையோரம் நீர் கசிந்தால், கடையில் ஒரு குழாய் சிலிக்கோன் வாங்கிப் பிதுக்கி அடைத்துவிடுகின்றோம். அன்றைக்குக் கசிவு நிற்கும். தொல்லை பின்னர் வருகின்றது.

சிலிக்கோனின் மேல் எதுவும் ஒட்டாது. ரெசினும் ஒட்டாது, வண்ணமும் ஒட்டாது. புதிய சிலிக்கோன்கூடப் பழையதைச் சரியாகப் பற்றுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் எஞ்சியிருந்தாலே போதும், புது ஒட்டு விளிம்பிலிருந்து கழன்று வரும். இயந்திரம் பூட்டும் பின்பக்கப் பலகையில் இது நேர்ந்தால் ஆபத்து பெரிது. கண்ணாடி இழைக்குள் பெரும்பாலும் மரப்பலகை மறைந்திருக்கும். கசியும் நீர் அதை உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகச் செய்யும். மேலே வண்ணம் பளபளக்கும். கரையிலிருந்து நெடுந்தொலைவில் இயந்திரம் ஆட்டம் காணும்.

ஒரு நாள் தொழில் போகின்றதே என்ற அவசரத்தில் பலரும் எடுத்த எடுப்பில் உப்புத்தாளைக் கையிலெடுக்கின்றனர். அது கூடாது. தேய்க்கத் தேய்க்கப் பசை கீறல்களுக்குள் பரவி அமர்ந்துகொள்ளும். முதலில் பசையின் இரு ஓரங்களிலும் கூரிய கத்தியால் கீறி, நாடாவைப்போல் உரித்தெடுக்க வேண்டும். மிச்சத்தைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டலாம்; இரும்பு மேற்பூச்சைக் காயப்படுத்தும். போல்ட்டுகளைக் கழற்றித் துளையின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். பசை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அசிட்டோன் ஊற்றினால் கரைந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. இறுகிய சிலிக்கோனை அது கரைப்பதில்லை. இதற்கென்றே விற்கும் நீக்கித் திரவத்தை முதலில் ஒரு மூலையில் தடவிப் பார்த்து, மேற்பூச்சு கெடாதெனக் கண்டபின் பயன்படுத்துக. துடைக்கும் துணியை அடிக்கடி மாற்றுக. ஒரே துணியால் துடைப்பது அழுக்கை இடம் மாற்றுவதேயன்றி வேறில்லை. காற்றோட்டமான வெளியில், பீடியும் அடுப்பும் அருகில் இல்லாமல், சிறுவரை விலக்கிவைத்துச் செய்க.

பின்பு நல்ல தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். நீர் பரவி நனைத்தால் இடம் தூய்மையானது. சேம்பிலையில் நிற்பதுபோல் முத்து முத்தாகத் திரண்டால் பசை இன்னும் இருக்கின்றது. மீண்டும் துடைக்க வேண்டும். இரண்டாம் முறையும் திரண்டால் மூன்றாம் முறை. நீர் பரவிய பின்னரே உப்புத்தாள். நன்கு உலர்ந்த பின்னரே ரெசின்.

போல்ட்டுகளை மீண்டும் பூட்டும்போது சிலிக்கோனைத் தவிர்த்து, படகுக்கென வரும் பாலியுரித்தேன் பசையைக் கேட்டு வாங்குக. விலை சற்றுக் கூடுதல்தான். உரித்த துண்டுகளை மணலில் எறியாமல் பொறுக்கிக் குப்பையில் சேர்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.