ஓடாத படம் ஆவணமாகாது

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில் நான் கட்டுரை வாசித்து முடித்ததும் அமர்வின் தலைவர் ஒரு கேள்வி கேட்டார்: “வீடியோ கேம் பெட்டியில் கல்யாண கேசட் பார்ப்பதெல்லாம் களப்பணியில் சேருமா?” அவை சிரித்தது. நானும் உடன் சிரித்துவைத்தேன். அப்படிச் சிரித்ததற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். அங்கே சொல்லத் தவறிய விடையை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமானது, ஆய்வு மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கோலார் தங்கவயலின் ஸ்கெலட்டன் பகுதியில், மூன்று தலைமுறையாகச் சுரங்கத்தில் உழைத்த ஒரு குடும்பம் என்னிடம் பதினொரு விஎச்எஸ் கேசட்டுகளைத் தந்தது. 1980களின் இறுதி தொடங்கிப் பத்தாண்டுகளில் எடுக்கப்பட்டவை. திருமணங்கள், மஞ்சள் நீராட்டு விழா, காதுகுத்து, ஓர் இறுதி ஊர்வலம். அவர்களுடைய விசிஆர் பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கேசட்டுகளைப் பெங்களூருக்கு எடுத்துச் சென்று கணினிக் கோப்புகளாக மாற்றித் திரும்பக் கொண்டுவந்தேன். ஆனால் அந்த வீட்டில் கணினி இல்லை. என் மடிக்கணினியின் சிறு திரையைச் சுற்றி ஒன்பது பேர் முண்டியடித்தனர். பின்வரிசையில் நின்ற ஆயாவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அப்போது வழி சொன்னவன் பேரன். நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞன். பழைய பொருளாக வாங்கிய பிளேஸ்டேஷன் 3 ஒன்று அவனிடம் இருந்தது. 2006இல் வெளிவந்த அந்தக் கருவி யுஎஸ்பி வழியே வீடியோக் கோப்புகளையும் இயக்கும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட வடத்தால் பழைய குழாய்த் தொலைக்காட்சியிலும் இணையும். கோப்புகளைப் பென் டிரைவில் ஏற்றிச் செருகினான். துப்பாக்கி விளையாட்டுக்கென்று வாங்கிய கைப்பிடியால், தன் தாத்தா மணமேடைக்கு வந்த காட்சியை நிறுத்தியும் பின்னோக்கி நகர்த்தியும் காட்டினான்.

அன்று மாலை எனக்குக் கிடைத்தவற்றுள் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது ஓர் ஒலி. அக்கால வீடியோக்காரர்கள் எடுத்த படத்தின் இயல்பான ஒலியை அழித்து, அதன்மேல் திரைப்பாடல்களை ஏற்றித் தருவது வழக்கம். பதினொன்றில் ஒரு கேசட் மட்டும் அவ்வாறு மெருகேற்றப்படாத மூலம். அதில் பந்தலின் இரைச்சலுக்கு நடுவே சுரங்கத்துச் சங்கு ஊதுகிறது. மூன்று முறை கேட்டும் அதை நான் வண்டி ஒலி என்றே குறித்து வைத்திருந்தேன். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பணியாற்றி ஓய்ந்த பெரியவர் ஒருவர் அதைக் கேட்டதும் சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். “ரெண்டாம் ஷிப்ட் சங்கு” என்றார். அந்தச் சங்கு ஓய்ந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அவர் உடல் அதற்குப் பணிந்தது. அந்தக் காட்சி எந்த வேளையில் எடுக்கப்பட்டது என்பதும் அதனால் எனக்கு விளங்கிற்று.

இரண்டாவது ஒரு முகம். பந்தி பரிமாறும் காட்சியில் ஆயா, “நிறுத்துடா, கொஞ்சம் பின்னால போ, அந்த நீலச் சட்டை” என்றார். பேரன் நிறுத்தினான். அந்த நீலச் சட்டைக்காரர் அடுத்த ஆண்டே சுரங்கத்துக்குள் மாண்டவர். அவர் மனைவி இரண்டு வீடு தள்ளி இருந்தார், ஆளனுப்பி அழைத்தார்கள். வந்தவர் உட்காரவில்லை, வாசற்படியிலேயே நின்றார். நான்கு நொடிக் காட்சி அது. மூன்று முறை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மறுநாள் காலை அவரே என்னைத் தேடி வந்து, தம் கணவர் இறந்த விதம், இழப்பீட்டுக்கு அலைந்த அலைச்சல், கம்பெனி வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது எல்லாவற்றையும் சொன்னார். மூன்றாண்டுக் களப்பணியில் எந்த வினாநிரலும் பெற்றுத் தராத வாக்குமூலம் அது.

இது களப்பணியில் சேராதென்றால் களப்பணி என்பதுதான் எது?

ஆய்வுலகின் பாகுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. குடியேற்றக் காலத்தில் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்கள் எடுத்த வீட்டுப்படங்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையம் சேகரித்து, எண்ணிமமாக்கி, எவரும் காணும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. தோட்ட விருந்துகள், வேட்டை, குதிரைக்குட்டியில் ஏறிய குழந்தைகள். அவற்றை முதன்மைச் சான்று என்று மேற்கோள் காட்டுகிறோம், காட்டத்தான் வேண்டும். ஆனால் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, பெரும்பாலும் தலித்துகளாக, மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை இறங்கித் தங்கம் வெட்டியவர்களின் குடும்பம் எடுத்த படத்தைக் ‘கல்யாண கேசட்’ என்கிறோம். துரை வீட்டுப் படம் ஆவணம், தொழிலாளி வீட்டுப் படம் வேடிக்கை. இதற்குச் சாதி என்றும் வர்க்கம் என்றும் பெயரிடாமல், ‘ஆய்வு நெறிமுறை’ என்று பெயரிட்டிருக்கிறோம்.

தமிழுலகுக்கு இந்த விரிந்த பார்வை புதியதும் அன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார்; அவர் சேகரத்தின்மேல் 1994இல் சென்னையில் எழுந்த நூலகத்தை நாம் கொண்டாடுகிறோம். தமிழகத்து ஸ்டூடியோக்கள் எடுத்த குடும்பப் புகைப்படங்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணக் காப்புத் திட்டத்தின் வழியே பதிவாகியுள்ளன. அழைப்பிதழ் ஆவணம், மணமக்கள் புகைப்படமும் ஆவணம், அதே திருமணம் அசைந்து, பேசி, சாப்பிட்டு, சண்டையிடும் மூன்று மணி நேரக் கேசட் மட்டும் ஏன் ஆவணம் ஆகவில்லை?

தங்கவயலுக்கு இது கௌரவப் பிரச்சினை மட்டுமன்று. 1965இல் இந்தச் சுரங்கத்தின் ஆழத்தில்தான் வளிமண்டல நியூட்ரினோவின் தடம் பதிவாயிற்று. இயற்பியல் வரலாறு அதை மறக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத துகளுக்குக் கிடைத்த இடம் கண்ணெதிரே வாழ்ந்த மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. 2018இல் வந்த ‘கே.ஜி.எஃப்’ திரைப்படத்துக்குப் பின், அந்த மூன்றெழுத்தைச் சொன்னாலே நாடு முழுவதும் நினைவுக்கு வருவது அதன் நாயகனின் முகம். ஸ்கெலட்டனின் மக்கள் தம்மைத் தாமே அசையும் படமாகப் பதிந்துகொண்டது இந்தக் கேசட்டுகளில்தான். இவை போனால் எஞ்சுவது பிறர் எடுத்த படங்களே.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

“கேம் பெட்டியில் ஓட்டுவது பாதுகாப்பாகாது” என்கிறார்கள். முற்றிலும் உண்மை. மூன்று மணி நேரக் கேசட்டை டிஜிட்டல் வீடியோ வடிவில் பதிந்தால் மணிக்கு ஏறத்தாழ 13 ஜிபி, ஆக 39 ஜிபி வரும். அந்தக் கருவியோ ஃபேட்32 முறையில் அமைந்த பென் டிரைவையே ஏற்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. எனவே ஹெச்.264 முறையில் சுருக்கி, அப்போதும் அளவு மிஞ்சியதால், ஒவ்வொரு கேசட்டையும் இரண்டாகப் பிளந்தேன். மூலத்தில் நொடிக்கு 50 அரைப்படங்களாக இருந்த அசைவு, சுருக்கத்தில் 25 முழுப்படங்களாகக் குறைந்தது. இழப்புதான். அதனால்தான் சுருக்காத மூலக்கோப்பை இரண்டு வன்தட்டுகளில் தனியே வைத்திருக்கிறேன். காப்பது ஒரு வேலை, காட்டுவது வேறொரு வேலை. என் குற்றச்சாட்டு இதுதான்: முதல் வேலைக்குத் திட்டமும் நிதியும் பட்டமும் உண்டு, இரண்டாவதை நாம் வேலையாகவே கருதுவதில்லை. கூலிக்குக் கேசட் மாற்றித் தரும் கடைக்காரர்கூட வாடிக்கையாளர் வீட்டில் எது ஓடும் என்று கேட்டுத்தான் தொடங்குகிறார். ஆய்வாளர் கேட்பதில்லை.

“யூடியூபில் ஏற்றிவிடலாமே” என்பது அடுத்த யோசனை. திரைப்பாடல் ஏற்றப்பட்ட கல்யாண கேசட்டை அங்கே ஏற்றினால், பதிப்புரிமையைத் தானே கண்டறியும் இயந்திரம் அந்த ஒலியை முடக்கலாம், படத்தையே தடுக்கலாம், விளம்பர வருவாயைப் பாடலின் உரிமையாளருக்குத் திருப்பிவிடலாம். அதைவிடப் பெரியது மானம். பதினொன்றில் ஒரு கேசட் பின்னாளில் முறிந்துபோன ஒரு திருமணத்தினுடையது. அந்தப் பெண் இன்று வேறொரு வாழ்க்கை வாழ்கிறார். குடும்பம் கூடிப் பேசி, அதை வெளியாருக்குக் காட்டுவதில்லை என்று முடிவு செய்தது. வீட்டுக்குள், இணையத்தில் இணைக்கப்படாத ஒரு பெட்டியில், தம் படத்தில் எதை ஓட்டுவது எதை ஓட்டாதிருப்பது என்று அவர்களே தீர்மானித்தார்கள். ஆய்வு அறம் என்று நாம் படிவத்தில் கையொப்பம் வாங்கும் பொருள் அங்கே நடைமுறையில் இருந்தது.

“காப்பகத்தில் ஒப்படைத்துவிடுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்போரும் உண்டு. ஒப்படைப்பேன். ஆனால் காப்பகத்தின் பட்டியலில் அது எப்படிப் பதிவாகும்? ‘திருமணம், கோலார் தங்கவயல், 1989 அளவில், விஎச்எஸ், 180 நிமிடம்.’ நீலச் சட்டைக்காரர் அதில் எங்கே இருக்கிறார்? சங்கு எங்கே ஊதுகிறது? அந்த விவரங்களைத் தரக்கூடியவர்கள் ஸ்கெலட்டனில் இருக்கிறார்கள். படம் தொலைநகரத்து வன்தட்டில் இருக்கிறது. இருவரும் சந்திக்காதவரை அந்தக் கோப்பு ஊமை. ஓடாத படம் ஆவணமாகாது. அது சேமிப்புக் கிடங்கில் கிடக்கும் சரக்கு.

சந்திக்கவும் காலம் அதிகமில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதில் இறங்கியவர்களில் இளையோர்கூட இன்று முதுமையை நெருங்குகிறார்கள். பலர் நுரையீரலில் கல்தூசியைச் சுமந்தபடி. மறுபுறம் காந்த நாடாவும் முதுமையடைகிறது. விசிஆர் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்தியது. காந்த நாடாக்களைக் காக்க எஞ்சியிருக்கும் காலம் குறுகியது என்று 2019இலேயே யுனெஸ்கோ வழியே உலகுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) பிரதியின்றி அழிந்ததற்காக ஆண்டுதோறும் கட்டுரை எழுதி வருந்துகிறோம். பீரோவின் அடித்தட்டில் இந்த நொடி பூஞ்சை பிடித்துக்கொண்டிருப்பவற்றுக்காக வருந்தும் கட்டுரையை எந்த ஆண்டு எழுதப்போகிறோம்?

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. குடும்பப் படங்களை எண்ணிமமாக்கும் ஒவ்வோர் ஆய்வுத் திட்டமும், அந்த வீட்டில் இருக்கும் கருவியில் ஓடக்கூடிய ஒரு பிரதியைத் திருப்பித் தருவதைச் செலவுத் திட்டத்தின் முதல் வரியாக எழுதட்டும். அந்தக் கருவி விளையாட்டுப் பெட்டியாக இருந்தால் அதற்கேற்ற பிரதி. குடும்பத்தார் பார்க்கும் வேளையில் உடனிருந்து, அவர்கள் சொல்லும் பெயர்களை நிமிடக் குறிப்போடு எழுதி, அதையே பட்டியலாகக் கொள்ளட்டும். எதைக் காட்டக் கூடாது என்று அவர்கள் சொல்கிறார்களோ அதற்குக் காப்பகம் கட்டுப்படட்டும். ஆய்வேட்டின் சான்றுப் பட்டியலில் இந்தக் கேசட்டுகளை அடிக்குறிப்பாக அன்றி முதன்மைச் சான்றாகவே நெறியாளர்கள் ஏற்கட்டும். இவற்றுக்குப் புதிய நிறுவனம் தேவையில்லை. கொஞ்சம் வெட்கம் போதும்.

அமர்வின் தலைவருக்கு என் விடை: ஆம் ஐயா, சேரும். ஐயமிருந்தால் என்னுடன் ஒருமுறை ஸ்கெலட்டனுக்கு வாருங்கள். பேரனுக்கு ஞாயிறு விடுமுறை. மீதி மூன்று கேசட்டுகளை இன்னும் ஓட்டவில்லை; ஆயா காத்திருக்கிறார்.