அப்புறம் யானை என்ன ஆயிற்று?

ஆடி மாதத்து ஸ்வாதி நக்ஷத்திரம் வந்துவிட்டால் திருநாவலூரில் பேச்செல்லாம் வெள்ளை யானையைப் பற்றித்தான். சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊரல்லவா? மலைநாட்டுத் திருவஞ்சைக்களத்திலிருந்து அவர் வெள்ளை யானை மீதேறிக் கயிலை சென்றார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. இதை வகுப்பில் சொல்லி முடித்தோம். ஒரு சிறுவன் எழுந்து, "ஸார், நாயனார் கயிலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்புறம் யானை என்ன ஆயிற்று?" என்று கேட்டான். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நாமும் சிரித்து வைத்தோம். வீடு திரும்பிய பிறகுதான், அது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல என்று பட்டது.

அதே மலைநாட்டு யானை ஒன்றின் கதை நம் நினைவுக்கு வந்தது. 1982-ஆம் வருஷம் நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை டில்லியில் ஆசிய விளையாட்டுப் பந்தயங்கள் நடைபெற்றன. அவற்றின் சின்னம் 'அப்பு' என்னும் குட்டி யானை. துள்ளி விளையாடும் அந்தச் சித்திரம் தேசமெங்கும் குழந்தைகளைக் கொள்ளைகொண்டது. 1984-இல் டில்லியில் அதன் பெயராலேயே 'அப்பு கர்' என்ற கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டு, 2008 வரை அங்கே ராட்டினங்கள் சுழன்றுகொண்டிருந்தன.

இந்தச் சித்திரத்துக்குப் பின்னே உயிருள்ள யானை ஒன்று இருந்தது. கேரளத்தைச் சேர்ந்த அதன் பெயர் குட்டிநாராயணன். ஏழாம் வயதில் கழிவுநீர்த் தொட்டி ஒன்றில் விழுந்து அதன் கால் முறிந்தது. அந்தக் காயம் கடைசிவரை முழுதும் ஆறவில்லை. 2005-ஆம் வருஷம் மே 14-ஆம் தேதி அது உயிர் நீத்தது.

நமக்குக் கால் முறிந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்துவிடலாம். யானைக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. நெடுநேரம் ஒருபுறமாகப் படுத்தால் அதன் பாரமே அதன் நுரையீரலை அழுத்தும். ஆகவே, டன் கணக்கான உடலை நாளெல்லாம் கால்களே சுமந்தாக வேண்டும். புண்பட்ட காலுக்கு ஓய்வு ஏது?

யானைக் குட்டியின் விளையாட்டும் நாம் எண்ணுவது போல் வெறும் வேடிக்கையன்று. ஏறக்குறைய 22 மாதம் கருவிலிருந்து, 100 கிலோ எடையோடு பிறக்கும் அந்தக் குழந்தைக்குத் துதிக்கையை என்ன செய்வதென்றே முதலில் தெரியாது. தன் துதிக்கையைத் தானே மிதித்துத் தடுமாறும். சேற்றில் புரண்டும், பறவைகளைத் துரத்தியும், மற்றக் குட்டிகளோடு முட்டியும்தான் அது பாடம் படிக்கிறது. தாயும் சிற்றன்னைமாரும் சுற்றி நிற்கிறார்கள். குட்டி பள்ளத்தில் விழுந்தால் கூட்டமே கூடித் தூக்கிவிடப் பார்க்கும். கூட்டத்தைப் பிரிந்த குட்டிக்கு மனிதரே கூட்டமாக வேண்டியிருக்கிறது.

அப்படி ஆனவர்களும் உண்டு. மின்சாரம் தாக்கித் தாய் இறந்துபோன ரகு என்ற குட்டியை முதுமலைத் தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் பிள்ளைபோல் வளர்த்ததை 2022-இல் வெளிவந்த படம் காட்டியது. 2023-இல் அதற்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. ரகுவின் விளையாட்டை மட்டும் அது காட்டவில்லை. வளர்ந்த ரகு வேறு பாகரிடம் ஒப்படைக்கப்பட்டபோது அத்தம்பதிகள் பட்ட துயரத்தையும் காட்டியது.

2010-இல் இந்திய அரசாங்கம் யானையைத் தேசியப் பாரம்பரிய விலங்கு என அறிவித்தது. பட்டம் நல்லதுதான். ஆயினும் திருவிழாவில் பட்டம் கட்டிய யானையைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நாம், வாத்தியம் ஓய்ந்த பின் அது நிற்பது மண்ணிலா, கல் தரையிலா, சங்கிலி எத்தனை முழம், குளிக்கத் தண்ணீர் உண்டா என்று விசாரிக்கிறோமா?

மறுநாள் வகுப்பில் குட்டிநாராயணன் கதையைச் சொன்னோம். கேள்வி கேட்ட சிறுவன் சற்று நேரம் பேசாமலிருந்து, "அந்தத் தொட்டியை மூடி வைத்திருக்கலாமே, ஸார்?" என்றான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.