நாய்ச் சொறியும் கழிவெண்ணெய்ப் பூச்சும்

சிங்கப்பெருமாள் கோவிலில் பெருஞ்சாலையை விட்டு ஒரகடத்திற்குத் திரும்பும் வழியில், தொழிற்சாலைகளுக்குச் செல்லும் லாரிகள் ஓய்வதில்லை. லாரியுள்ள இடத்தில் பட்டறையும், பட்டறையுள்ள இடத்தில் கழிவு எண்ணெயும் உண்டு. அவ்வெண்ணெயை நாயின் சொறிக்குப் பூசும் வழக்கத்தைக் குடியானவர்கள் அறவே விட்டொழிக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

பூசினால் குணமாகிறதே என்பார்கள். குணமாவதும் உண்டு, காரணம் வேறு. டெமோடெக்ஸ் என்னும் நுண்ணிய பூச்சி, பிறந்த சில தினங்களுக்குள் தாயிடமிருந்து குட்டியை அடைந்து உரோமக் குழிகளில் வசிப்பது. இளங்குட்டிகளின் கண்ணோரத்திலும் முன்னங்கால்களிலும் இதனால் உண்டாகும் சிறு வழுக்கைகள் பெரும்பாலும் தாமே ஆறிவிடும். அப்பெருமையை எண்ணெய் தட்டிக்கொண்டு போகிறது! நாயோ தன் உடலை நக்கும் பிராணி. எண்ணெயிலுள்ள உலோகங்களும் பெட்ரோலியச் சரக்குகளும் வயிற்றிற் சேர்ந்து, தோல்வழியும் ஊறி, ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பயிருக்கென்று எம்போன்றோர் சிபாரிசு செய்யும் பூச்சிமருந்தை நாயின்மேல் தெளிப்பாரும் உளர். அது உயிருக்கே உலை வைப்பதாகும்.

மற்றொன்று ஸார்காப்டிஸ். இது தோலைக் குடைந்து முட்டையிட்டு, காதோரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் தாங்கொணா அரிப்பைத் தரும். காது மடலின் ஓரத்தைத் தேய்த்தவுடன் நாய் பின்னங்காலால் சொறிய முனையுமாயின் இதனைச் சந்தேகிக்கலாம். நாயுடன் விளையாடும் குழந்தைகளுக்கும் அரிப்புண்டாகும். நாய் குணமடைந்தால் பெரும்பாலும் அதுவும் நீங்கும். நாயின் டெமோடெக்ஸோ மனிதருக்குத் தொற்றுவதில்லை.

ஆகவே எந்தப் பூச்சியென்று நிச்சயித்த பின்னரே சிகிச்சை தொடங்க வேண்டும். கால்நடை மருத்துவர் இரத்தம் கசியுமளவு தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். ஸார்காப்டிஸ் பல சமயம் அகப்படாது. அதனால் அது இல்லையென்று கொள்ளலாகாது. பரீட்சையின்றி அரிப்பை அடக்க ஸ்டீராய்டு ஊசி போட்டால், டெமோடெக்ஸ் உடலெங்கும் பெருகக்கூடும்.

ஐவர்மெக்டின் நல்ல மருந்தே. அது பிறந்த ஆராய்ச்சிக்கு 2015-ஆம் ஆண்டு நோபல் பரிசும் கிடைத்தது. எனினும், மாட்டுக்கு வாங்கிய புட்டியில் மிஞ்சியதை நாய்க்கு உத்தேசமாகப் போடுவது ஆபத்து. அளவு எடையைப் பொறுத்தது. காலி ஜாதி நாய்கள் பலவற்றிற்குச் சொறிக்குரிய அளவே மூளையைத் தாக்கும். ஃபுளூரலேனர் முதலிய மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. விலை சற்று அதிகம், ஆயினும் ஒரு மாத்திரை பல வாரங்கள் வேலை செய்யும்.

ஸார்காப்டிஸ் கண்ட தெருவில் ஒரு நாய்க்கு மட்டும் மருந்திடுவது வீண்செலவு. பழகும் நாய்கள் எல்லாவற்றிற்கும் ஒருங்கே கொடுக்க வேண்டும். இதற்கு அருகிலுள்ள அரசாங்கக் கால்நடை மருந்தகத்தாருடன் கலந்து, கிராம அதிகாரிகள் ஒரு நாளைக் குறித்து ஊராருக்கு அறிவித்தால் போதும். உடலெங்கும் டெமோடெக்ஸ் பரவிய நாய்க்கு, உரோமம் முளைத்தவுடன் மருந்தை நிறுத்தாது, மாதமொருமுறை மருத்துவரிடம் காட்டித் தோலைச் சுரண்டிப் பார்த்து, அவர் போதுமென்று சொல்லும்வரை தொடர்ந்து வருக.